அம்மா கற்ற சைக்கிள், நான் ஏறிய மலை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் தெரு மொட்டை மாடிகள் சிவந்துவிடும். பக்கத்து வீட்டு அத்தை வருசத்துக்கு வேண்டிய மிளகாயை மொத்தமாக வாங்கி, பழைய வேட்டியை விரித்துக் காயப்போடுவார். இந்த வருசம் ஒரு மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது, சுழன்று வந்த காற்று அந்த நெடியை மூக்கில் ஏற்றியது. தும்மல் அடங்கிய பிறகும் கீழே இறங்க மனம் வரவில்லை. பூட்டானின் பாரோ பள்ளத்தாக்கு வந்து கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டது. சன்னல் சட்டங்களில் பூ வரைந்த மண் வீடுகள், அவற்றின் சாய்ந்த கூரைகள் நெடுக விரித்துப் போட்ட மிளகாய், கீழே அறுப்புக்கு நிற்கும் நெல், மேலே பைன் காடு.

மிளகாய் போர்ச்சுக்கீசியரின் கப்பல்களில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பயிர். நாம் அதை அரைத்துக் குழம்பில் கரைத்தோம். இமயமலைக்குள் இருக்கும் பூட்டான்காரர்கள் அதையே காய்கறியாக நினைத்து, பாலாடைக் கட்டியோடு வேகவைத்துச் சிவப்பரிசிச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறார்கள். எமா தட்ஷி என்று பெயர். அதைச் சாப்பிட்டுக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்த அந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரியமாக இருக்கிறது. ஆலங்குடியிலிருந்து தன்னந்தனியாக, சீட்டு எடுத்த காசில், அவள் அவ்வளவு தூரம் போயிருந்தாள்.

பூட்டானை எனக்கு முதலில் காட்டியவர் எங்கள் தெருவின் பட்டாளத்து மாமா. வடக்கு வங்காளத்தில் பின்னாகுரி முகாமில் சிப்பாயாக இருந்தவர். லீவு நாளில் ஜெய்காவ் போய், எல்லைக் கேட்டைத் தாண்டி, புன்ட்ஷோலிங்கில் டீ குடித்துவிட்டுத் திரும்பிய கதையைத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "இங்கிட்டு ஒரே ஹாரன் சத்தமும் புழுதியும். கேட்டுக்கு அங்கிட்டு கால வச்சா சத்தமே இருக்காது ஆத்தா. பாஸ்போர்ட்டு வேணாம், ஓட்டு அட்டைய காட்டுனா போதும், உள்ள விட்டுருவான்" என்பார். புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அப்போது நான் ஆசிரியை. இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வருவதே என் உலகமாக இருந்த காலத்தில், ஓட்டு அட்டையைக் காட்டி இன்னொரு நாட்டுக்குள் போகலாம் என்ற அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஏலச்சீட்டு என் பெயருக்கு விழுந்ததும் வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் கடலைக் கொல்லைக்குப் போய்விட்டார். அப்பத்தா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொட்டப்புள்ள ஒத்தையிலயா? கூட யாரு போறா?" என்றார். யாரும் போகவில்லை என்றேன். அம்மா மட்டும், "எந்த ரயிலு, எங்க எறங்கணும், அதச் சொல்லு" என்று கேட்டார். அம்மா அப்படிக் கேட்டதற்கு ஒரு பழைய கதை உண்டு.

நான் சிறுமியாக இருந்தபோது புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். பகலெல்லாம் கொல்லையில் வேலை பார்த்த பெண்கள் ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அதோடு சைக்கிளும் கற்றார்கள். ஒரு பெண் பஸ்ஸுக்கும் ஆண்பிள்ளைக்கும் காத்திருக்காமல் தானாக ஓர் இடத்துக்குப் போய்வர வேண்டும் என்பதும் அந்த இயக்கத்துக்குப் பாடமாக இருந்தது. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. இயக்கம் நடத்திய நிகழ்ச்சிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அம்மாவும் ஒருவர்.

அம்மா கற்றது வாடகை சைக்கிளில். மணிக்கணக்குக்கு எடுத்து, இருட்டிய பிறகு பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓட்டிப் பழகுவார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் கிடைக்காததால் பாதிப் பேர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது: முன் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். நான் பாரில், தங்கை பின்னால், கைப்பிடியில் மல்லிகைப் பூக்கூடை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா மிதித்த மிதி இன்றும் என் காதில் கேட்கிறது. "பொம்பள சைக்கிள்ல போனா ஊரு என்ன பேசும்" என்று முதலில் தடுத்தவர் அப்பத்தாதான். ஒரு மழை நாளில் காய்ச்சல் கண்டு எழ முடியாமல் கிடந்தவரை அம்மா பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனார். சுருக்குப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி போன அப்பத்தா, திரும்பி வரும்போது தெரிந்தவர்களையெல்லாம் வழியில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு ஊர் பேசியதாக அவர் சொல்லவே இல்லை.

அந்த அம்மாதான் என் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டினார். வறுத்த கடலை ஒரு டப்பா, எள்ளுருண்டை ஒரு டப்பா. பட்டாளத்து மாமா தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்து, ரயில் மாறும் இடங்களை ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். கிளம்புவதற்கு முன் தோப்புக்கொல்லைக்குப் போனேன். ஆலங்குடிக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கும் ஊர் அது. என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழி அங்கே இருந்தாள். சண்டை முற்றிய காலத்தில் படகில் வந்த குடும்பம். நான் திம்புவுக்குப் போகிறேன் என்றதும் அவளைவிட அவளுடைய அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திம்புவோ? எங்கட பேச்சு நடந்த இடமெல்லோ அது, பிள்ளை."

1985-இல் இந்தியா முன்நின்று இலங்கை அரசையும் தமிழர் இயக்கங்களையும் உட்காரவைத்துப் பேசச் செய்த ஊர் திம்பு. ஜூலையில் ஒரு சுற்று, ஆகஸ்டில் ஒரு சுற்று. ஆறு தமிழ் அமைப்புகளும் சேர்ந்து நான்கு கோரிக்கைகளை அங்கே முன்வைத்தன. தமிழர் ஒரு தனித்த தேசிய இனம், அவர்களுக்கென்று தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு என்பவை மூன்று. இலங்கையைத் தம் நாடாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் முழுக் குடியுரிமை வேண்டும் என்பது நான்காவது. பேச்சு முறிந்தது. தோழியின் அப்பா அந்தச் செய்தியை அப்போது வானொலியில் கேட்டவர். "அந்த இடத்தைப் பாத்துக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னார். மலை பார்க்கக் கிளம்பிய எனக்கு அவர் கொடுத்தனுப்பிய பொறுப்பு அது.

புதுக்கோட்டையில் ராத்திரி சேது எக்ஸ்பிரஸ். சென்னையிலிருந்து ஹவுரா வரை இன்னொன்று. சியால்டாவிலிருந்து கஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ். எல்லாம் இரண்டாம் வகுப்புப் படுக்கை. ஹவுரா போகும் வண்டியில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் வங்காளிக் குடும்பங்கள் நிறைந்திருந்தன. மருந்துப் பையும் எக்ஸ்ரே உறையுமாக இருந்த ஒரு வயதான அம்மாள் என் புளிச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டு, பதிலுக்குப் பொரியில் கடுகெண்ணெய் ஊற்றிக் கலந்து கொடுத்தார். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழி இல்லை. ராத்திரி நான் தூங்கும்போது என் பையின் வாரைத் தன் கையில் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பாதித் தூக்கத்தில் பார்த்தேன். தனியாகப் போகும் பெண்ணுக்கு வழியெல்லாம் காவல் இருக்கிறது. அது பெரும்பாலும் இப்படி முகம் தெரியாத பெண்களாக இருக்கிறது.

சிலிகுரி தாண்டியதும் ரயில் டுவார்ஸ் சமவெளிக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டம், நடுநடுவே சால மரக் காடு, மணல் பரந்த ஆறுகள். ஹாசிமாராவில் இறங்கி, முட்டிக்கு முட்டி இடிக்கும் ஷேர் வண்டியில் ஜெய்காவ் போய்ச் சேர்ந்தேன். மாமா சொன்னது அப்படியே இருந்தது. இந்தப் பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கடைகள், கைவண்டி, ஹாரன். தெருவின் நடுவே டிராகன் சுற்றிய தூண்களோடு பெரிய கேட். அதைத் தாண்டினால் அகலமான நடைபாதை, கோடு போட்ட இடத்தில் மட்டும் சாலையைக் கடக்கும் மனிதர்கள், நமக்காக நின்று வழிவிடும் கார்கள். மின்சாரம் நின்றதும் ஆலையில் விழும் அமைதிபோல இருந்தது.

அனுமதி அலுவலகத்தில் ஒரு படிவம், ஒரு புகைப்படம், ஓட்டு அட்டை நகல். முழங்காலுக்கு வரும் கோ உடை அணிந்த அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆலங்குடித் தொகுதி என்று தமிழில் அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்து, இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். இந்தியாவின் தெற்குக் கோடிக்குப் பக்கத்தில் என்றேன். தமிழ்நாட்டில்கூட ஆலங்குடி என்றால் குரு கோயில் ஆலங்குடியா என்றுதான் கேட்பார்கள். அது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் ஆலங்குடி. எங்கள் ஊர் நாமபுரீஸ்வரர் கோயில் ஆலங்குடி. அந்த ஊர்ப் பெயரின் மேல் இன்னொரு நாட்டு அதிகாரி விரல் வைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. தனியாகவா என்று ஒருமுறை கேட்டார். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்துக்கொண்டேன். காசு மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய ஙுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. கடையில் இரண்டும் கலந்தே மீதி தந்தார்கள்.

மறுநாள் திம்புவுக்குச் சிறிய பஸ். சுமார் 170 கிலோமீட்டரில், சமவெளி ஓரத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். இந்தச் சாலை 1960-களின் தொடக்கத்தில் வந்தது. நம் எல்லைச் சாலை அமைப்பின் டன்டக் பிரிவு போட்டது. அதற்கு முன் எல்லையிலிருந்து திம்பு போக ஐந்தாறு நாள் நடக்க வேண்டும். 1958-இல் நேரு பூட்டானுக்குப் போனபோது சிக்கிமிலிருந்து நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு வழியாக மட்டக்குதிரையிலும் நடந்தும் பாரோ போய்ச் சேர்ந்தார். கூடவே இந்திராவும் போயிருந்தார். அந்த வழியின் கடுமையை நினைத்தால் என் பஸ் சன்னல் இருக்கை சுகமாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூடுபனி நிறைந்த பள்ளம். சுக்காவில் இந்தியா கட்டிக்கொடுத்த 336 மெகாவாட் நீர்மின் நிலையத்தின் அணை கீழே தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் கிரா உடையின் மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு! டோமா என்று சொல்லி எனக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார். கீரமங்கலம் கொடிக்கால் வெற்றிலையில் வளர்ந்த வீட்டுப் பெண் நான்; நம்பி வாயில் போட்டேன். பாக்கு ஊறிப் புளித்திருந்தது. அதன் நாற்றமும் காரமும் சேர்ந்து ஒரு நொடியில் காது மடல் வரை சூடேற்றியது. அந்தக் குளிருக்கு அது வேண்டித்தான் இருந்தது. அந்த நாட்டில் விருந்தாளிக்கும் டோமா, சாமிக்கும் டோமா, சண்டை தீர்ந்தாலும் டோமா. தட்டில் வெற்றிலை வைத்துப் பேச்சைத் தொடங்கும் எங்கள் ஊர் வழக்கத்திலிருந்து அது தூரமாகத் தெரியவில்லை.

திம்புவில் மரப்படி ஏறிப் போகும் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். வெந்நீர் வாளிக் கணக்கில் தருவார்கள். விடுதி நடத்தியவர் நடுவயதுப் பெண். கணக்கு அவர் கையில், சமையல் கணவர் கையில். வீடு அவருக்கு அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது, அடுத்து மகளுக்குப் போகும். மேற்குப் பூட்டானில் வீடும் நிலமும் மகள்வழி இறங்குவது பழைய வழக்கம். அங்கே கடைக்குக் கடை கல்லாவில் பெண்கள் உட்கார்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். எங்கே போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று அந்த அம்மா என்னைக் கேட்டதே இல்லை. இருட்டிய பிறகு வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்காருவார். அவ்வளவுதான். அந்த நகர்தலில் எனக்குக் கிடைத்த நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

போக்குவரத்து விளக்கே இல்லாத தலைநகரம் அது. ஒருமுறை வைத்துப் பார்த்தார்களாம். மனிதர் நின்று கை காட்டுவதே மேல் என்று மக்கள் சொல்ல, விளக்கை எடுத்துவிட்டார்கள். நாற்சந்தியில் சித்திர வேலை செய்த சின்ன மண்டபத்துக்குள் வெள்ளைக் கையுறை போட்ட காவலர் நின்று, நடனம் பிடிப்பதுபோலக் கை அசைப்பார். கடைதோறும் ராஜாவின் படம். நாலாவது ராஜா ஜிக்மே சிங்கே வாங்சுக் 2006-இல் தாமாகவே மகனுக்கு முடியைக் கொடுத்து, 2008-இல் மக்கள் முதன்முதலாக ஓட்டுப்போட வழி செய்தார். அந்த வருசமே வந்த அரசியல் சட்டத்தில் நாட்டின் 60 விழுக்காடு நிலம் என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பத்தா புதுக்கோட்டைத் தொண்டைமான் ராஜாவையும் நவராத்திரிக்குக் கொடுத்த அம்மன் காசையும் பற்றிச் சொல்லும்போது முகத்தில் வரும் களை, அங்கே தங்கள் ராஜாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முகத்திலும் இருந்தது.

மூன்றாவது ராஜாவின் நினைவாக 1974-இல் கட்டிய வெள்ளைக் கோபுரத்தைச் சுற்றி வயதானவர்கள் காலையிலிருந்து வலம் வந்துகொண்டே இருப்பார்கள். அங்கே ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். நான் தமிழ்நாடு என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கணக்கு வாத்தியார் தமிழராம். பள்ளிகள் பெருகிய அந்தக் காலத்தில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வாத்தியார்கள் அந்த மலைகளுக்குப் போனார்கள். சாலை எட்டாத ஊர்களுக்கு நாள்கணக்கில் நடந்து போய்ப் பாடம் நடத்தினார்கள். "சாயங்காலம் அவர் அறையில் கடுகு தாளிக்கும் மணம் வந்தால் விடுதிப் பையன்கள் எல்லோருக்கும் பசிக்க ஆரம்பித்துவிடும். ராத்திரி எங்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டுவிட்டுத்தான் கணக்குக் கேட்பார்" என்றார். நானும் வாத்தியார்தான் என்று சொல்ல அப்போது பெருமையாக இருந்தது. பேச்சுவார்த்தை எந்தக் கூடத்தில் நடந்தது என்று அவரிடம் கேட்டேன். 1985 என்றதும் யோசித்தார். இடம் நினைவில்லை என்றார். திரும்பும் வழியில் தாஷிச்சோ ட்ஸோங் கோட்டைக்கு எதிரே ஆற்றோரம் நின்று ஊரையே ஒருதரம் முழுக்கப் பார்த்துக்கொண்டேன், தோழியின் அப்பாவுக்காக.

புனாக்காவுக்குப் போகத் திம்புவில் தனியாக ஒரு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வழியில் 3,100 மீட்டர் உயரத்தில் டோச்சுலா கணவாய், 108 ஸ்தூபிகள். அன்று வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பனிமலைகள் வரிசையாக நின்றன. அந்த வரிசையில் காங்கர் புயென்சும் என்ற 7,570 மீட்டர் சிகரமும் இருக்கிறது. உலகில் மனிதர் கால் படாத சிகரங்களில் அதுதான் உயரமானது. மலைகளில் தெய்வம் இருக்கிறது என்று மக்கள் நம்புவதால், உயர்ந்த சிகரங்களில் ஏறுவதை அரசு 1990-களிலேயே நிறுத்திவிட்டது. ஏற முடிந்தும் ஏறாமல் விடுவது ஒரு பண்பாடு என்று அங்கே நின்று உணர்ந்தேன்.

தக்த்சாங் மடத்துக்கு மட்டும் ஏறலாம். பாரோவின் செங்குத்துப் பாறையில் 3,120 மீட்டர் உயரத்தில் ஒட்டியிருக்கும் மடம். பெண்புலி மேல் ஏறிவந்த குரு ரின்போச்சே தியானம் செய்த குகை என்று சொல்கிறார்கள். 1692-இல் கட்டத் தொடங்கியது. 1998-இல் தீயில் எரிந்து, பழையபடியே திரும்பக் கட்டப்பட்டது. பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயது இருக்கும், ஒரு பாட்டி மணிச் சக்கரத்தைச் சுழற்றியபடியே என்னைத் தாண்டிப் போனார். நாலடி போய்த் திரும்பி, தன் ஊன்றுகோலை நீட்டினார். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஏறினேன். அம்மா சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அறிவொளித் தொண்டர் அக்காவின் முகம் அப்போது ஞாபகம் வந்தது. பாரோவின் கூரைகளில் மிளகாய் சிவந்து கிடந்ததை மேலேயிருந்து பார்த்தது அன்றுதான்.

திரும்பும்போது ஜெய்காவில் ரயிலுக்கு நேரம் இருந்தது. டீக்கடைக்காரர் நேப்பாளி பேசுகிறவர். பூட்டான் எப்படி இருந்தது என்று கேட்டார். அமைதியான நாடு என்றேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, தன் அண்ணன் குடும்பம் தெற்குப் பூட்டானில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்ததையும், பிறகு நேப்பாளத்தின் ஜாபா மாவட்டத்து முகாமில் மூங்கில் குடிசையில் இருந்ததையும், கடைசியில் அமெரிக்காவுக்குப் போய்விட்டதையும் சொன்னார். 1985-இல் பூட்டான் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 1988 கணக்கெடுப்பில் தெற்கே இருந்த நேப்பாளி மொழிக்காரர்களிடம் 1958-ஆம் வருசத்து வரி ரசீது கேட்டார்கள். காட்ட முடியாதவர்கள் அந்நியர் ஆனார்கள். 1990-களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேப்பாளத்து முகாம்களில் இருந்தார்கள். திம்புவில் தமிழர்கள் முழுக் குடியுரிமை கேட்டதும் அதே 1985-தான். நான் அந்த நாட்டை நேசித்தது குறையவில்லை. ஆனால் ஓர் ஊரின் அமைதியைச் சொல்லும்போது, அங்கிருந்து போனவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அந்தக் கடை பெஞ்சில் முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா டோமாவை வாங்கி மோந்து பார்த்து, "பாக்கு கெட்டுப் போச்சுடி" என்று தூர வைத்துவிட்டார். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுறாளுகளா?" என்பது. மலைச்சாலை, அதிகம் பார்க்கவில்லை, ஆனால் பழைய ராஜா தினமும் சைக்கிளில் மேடேறுவாராம் என்றேன். "ராஜாவே ஓட்டுனா மத்தவகளும் ஓட்டிருவாக" என்று திருப்தியாகச் சொன்னார். தோப்புக்கொல்லையில் தோழியின் அப்பா திம்புவின் படங்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். தோழி மட்டும் வேறொன்றைக் கேட்டாள். "அந்த அட்டைய மட்டும் காட்டினா காணுமாடி? வேற ஒண்டும் கேக்கேல்லையோ?" முகாமை விட்டு ஒரு ராத்திரி வெளியூர் தங்க அனுமதி கேட்க வேண்டியவள் அவள். அதிகாரிகள் வந்து தலை எண்ணும் நாளில் வீட்டில் இருந்தாக வேண்டும். ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பேரில் ஒருத்திக்கு இமயமலை வரை வழி திறந்திருந்தது, இன்னொருத்திக்குத் திருச்சி போகவே கையெழுத்து வேண்டியிருந்தது. அவளுக்கு நான் அன்று சொன்ன பதில் நினைவில்லை. அந்தக் கேள்வி நினைவில் இருக்கிறது.

வருசங்கள் போய்விட்டன. அப்பத்தா இல்லை. கஜா புயல் எங்கள் பக்கத்துப் பலாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. வாடகை சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது, அம்மாக்கள் ஸ்கூட்டரில் போகிறார்கள். பூட்டானும் மாறியிருக்கிறது. கொரோனாவுக்காக மூடிய கதவை 2022 செப்டம்பரில் திறந்தபோது, இந்தியர்களுக்கும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் வந்துவிட்டது. காட்டையும் ஆற்றையும் காக்க அந்தக் காசு என்கிறார்கள். அது எனக்கு நியாயமாகவே படுகிறது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், தனியாகப் போகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். பட்டாளத்து மாமா எனக்கு எழுதித் தந்ததுபோல ரயில் மாறும் இடங்களை எழுதிக் கொடுத்து, ஓர் இரவின் கட்டணம் என் பங்கு என்றேன். அறிவொளியில் கற்றவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது முறை. அம்மாவும் தான் பழகிய பிறகு தெருவில் பல பெண்களுக்குச் சைக்கிள் பழக்கிவிட்டார்.

அந்தப் பெண்ணின் வகுப்பில் படித்தவள் என் தோழியின் மகள். இங்கேயே பிறந்தவள், கல்லூரி முடித்தவள். 2021-இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது; புது வீடுகள் கட்டுகிறார்கள்; அதெல்லாம் நல்லதே. ஆனால் 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. ஆலங்குடி ஆஸ்பத்திரியில் பிறந்து ஆலங்குடிப் பள்ளியில் படித்த அந்தப் பிள்ளை இன்னும் எந்த நாட்டுக்கும் குடிமகள் ஆகவில்லை. அவளுக்காக மனு எழுதுவதில் நானும் கூட உட்காருகிறேன். ஆலங்குடித் தொகுதி வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் ஏற வேண்டும். அதை நான் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும். பட்டியலில் ஏறிய வருசம் அவளும் அவள் அம்மாவும் புன்ட்ஷோலிங் கேட்டில் அட்டையை நீட்ட வேண்டும். அவர்களுடைய கட்டணத்துக்காக ஒரு சீட்டு போட்டு வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் கட்டிவருகிறேன்.